மாதாவுக்குக் கீழே டிவி

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் மாதா பீடத்துக்கு நேர் கீழேதான் டிவி இருந்தது. வேறு இடம் கிடையாது. சாந்தோமுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே இருக்கிற சந்து வீடுகளில், ஒரு பக்கம் பீரோவும் இன்னொரு பக்கம் கட்டிலும் போக மிஞ்சுகிற இடத்துக்குத்தான் கூடம் என்று பெயர். சுவரில் பலகை அடித்து மாதா சுரூபம், அதற்குக் கீழே மர ஸ்டாண்டில் அந்தக் காலத்துக் குண்டு டிவி. ஜெபமாலைக்கு முழங்காலில் நின்றால் மாதாவைப் பார்த்து நிற்போம். ஜெபம் முடிந்து அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தால் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும்.

ஏழு மணிக்கு அத்தை மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். அத்தை என்றால் என் மாமியார். ஏழரைக்கு சீரியல். அதற்குள் ஜெபமாலை முழுவதும், பிரார்த்தனையும் சேர்த்து முடிந்தாக வேண்டும். ஜெபமாலையில் பத்துப் பத்தாகக் கோத்த மணிகளில் கடைசிப் பத்து மணி வரும்போது எல்லோர் குரலும் தானாக வேகம் எடுக்கும். ஆண்டவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் பொறுத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்போதெல்லாம் ஆளுக்கொரு போன் வந்திருக்கவில்லை. ஊரே ஒரு நேரத்தில் ஒரு கதையைப் பார்த்த காலம். சீரியலின் பாட்டு ஒரு ஜன்னலில் ஆரம்பித்து அடுத்த ஜன்னலில் தொடரும். மளிகைக் கடைக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பினாலும் ஒரு வரி விட்டுப்போகாது. கடல் பக்கமிருந்து காற்று வந்தால் பாட்டு கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வரும். சந்து முழுக்கத் தாளிப்பு வாசனை. அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு நீலமான வெளிச்சம்தான் ஞாபகம் வருகிறது. எல்லா வீட்டுச் சுவரிலும் அது ஒரே மாதிரி அசையும்.

அதைவிட ஞாபகத்தில் நிற்பது டிவி போடுவதற்கு முந்தைய நேரம். அணைத்து வைத்த டிவியின் கறுப்புக் கண்ணாடி வெளியே குவிந்திருக்கும். மேலே எரிகிற மெழுகுவர்த்தி அதில் சின்னதாக, வளைந்து தெரியும். முழங்காலில் நிற்கிற நாங்களும் தெரிவோம். அத்தை, என் வீட்டுக்காரர், நான், எல்லோரும் ஒரு பாத்திரத்துத் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி. கண்ணை மூடி ஜெபிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் பாதி திறந்து அந்தக் கண்ணாடியைத்தான் பார்ப்பேன்.

வாசலோரம் ஸ்டூலில் இன்னொரு உருவமும் தெரியும். அது பக்கத்து வீட்டு மாமி. அவர் வீட்டில் மாமா அந்த நேரத்துக்குச் செய்தி பார்ப்பார். "எங்காத்துல ஏழரைக்கு உலகமே அழிஞ்சிண்டிருக்கும், நான் இங்க வந்து நிம்மதியா அழறேன்" என்பார். சீரியலுக்கு முன்னாலேயே வந்து, எங்கள் ஜெபம் முடியும்வரை கைகூப்பி உட்கார்ந்திருப்பார். அத்தை ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னால் அதை யாருக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று சத்தமாகச் சொல்வார்கள். தண்ணி லாரி ஒழுங்காக வர, என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து வாட்ச்மேனின் கால் குணமாக, இப்படி. ஒருநாள் மாமி, "என் புள்ளை விசாவுக்கும் ஒண்ணு போடுங்கோளேன்" என்று கேட்டார். அதிலிருந்து விசாவும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கண்ணாடிக்குள் ஒருநாள் என் நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். பெருங்குடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரு சாயங்காலம், ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பையோடு வந்து, பையைப் பீரோ பக்கத்தில் வைத்துவிட்டு, எங்களோடு முழங்காலில் நின்றுகொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெபத்தில் பேசக்கூடாதே. முடிந்ததும் சீரியல் வந்துவிட்டது. அதிலும் பேசக்கூடாது.

அவள் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான் என்று எங்களுக்கு முன்பே தெரியும். இந்த முறை இடது காதில் அடித்திருந்தான். சரியாகக் கேட்கவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. டிவி பார்க்க உட்காரும்போது வலது காதை டிவிப் பக்கம் திருப்பி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பாள். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அத்தையும் பார்த்தார்கள். பார்த்து டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள். அவ்வளவுதான்.

பகலில் மீன் கழுவும்போது அத்தை ஆரம்பிப்பார்கள். "இன்னா பண்றது பாப்பா, ஆம்பள அப்டித்தான் இருப்பான். கோயில்ல வச்சிக் கட்டுனது. நாமதான் பொறுத்துப் போவணும். எத்தினி நாளு இங்கயே குந்திக்கினு இருப்ப?" பாப்பா செதில் உரிப்பாள். சாயங்காலம் ஜெபமாலையில் அவளுக்கென்று ஒரு பத்து மணி வராது. "வூட்டு சமாதானத்துக்காக" என்று மட்டும் அத்தை சொல்வார்கள். அந்த இடத்தில் குரல் கொஞ்சம் தாழும். அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரியக்கூடாது. ஸ்டூலில் மாமி உட்கார்ந்திருக்கிறாரே. மாமிக்கு எப்போதோ தெரியும். அதுவும் எங்களுக்குத் தெரியும்.

இதில் என்ன விசேஷம் என்றால், அந்தச் சீரியலின் கதாநாயகியும் அந்தச் சமயம் புருஷன் வீட்டிலிருந்து பையோடு தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அழகான பெண். பெரிய கண். அழுதால் மைகூடக் கலையாது. அவளைத் திருப்பி அனுப்ப அவள் அம்மா பாடாய்ப் படுத்தினாள். எங்கள் அத்தைக்கு அந்த அம்மாவைக் கண்டால் ஆகாது.

"பாரேன், சோத்துக்கு முன்னாடி ஒக்காந்த பொண்ணப் போயி பேசுறா. பெத்தவளா இவ?"

"நன்னா கேளுங்கோ" என்பார் மாமி.

என் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிற மாதிரி இருப்பார். பக்கம் மட்டும் திருப்பமாட்டார். நான் பாப்பாவைப் பார்ப்பேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷனின் அண்ணனும் அண்ணியும் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இனிமேல் தம்பி ஒழுங்காக இருப்பான் என்றார்கள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் தம்பியே ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப் போவான் என்று பேசி முடிந்தது. பாப்பாவை யாரும் கேட்கவில்லை. அவள் அடுப்படியில் நின்று டம்ளர் கழுவினாள். அன்றைக்கே அத்தை அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்து, அதை வாசல் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டார்கள். போகிறபோதும் வருகிறபோதும் நாங்கள் அந்தப் பையைத் தாண்டித்தான் நடந்தோம்.

அந்த வாரம் நடுவில் ஒருநாள், ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிக்கு முன்னால் அத்தை சொன்னார்கள்: "இந்தப் பத்து மணிய அந்தப் பொண்ணுக்காக ஒப்புக்கொடுக்கிறோம்."

பாப்பாவைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "எந்தப் பொண்ணும்மா?"

"அதான்டா. ஏழரைக்கு வர்ற பொண்ணு."

"அம்மா, அது நடிப்பும்மா! அந்தப் பொண்ணு இந்நேரம் ஷூட்டிங் முடிஞ்சி ஏசி கார்ல வூட்டுக்குப் போய்க்கினு இருக்கும்."

"நீ வாய மூடு. ஜெபத்துல பேசாத."

"இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் ஸ்டூலிலிருந்து மாமி. "அவளுக்குந்தான் யாரு இருக்கா, பாவம்."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடியில் பார்த்தால் பாப்பாவின் தோள் குலுங்குகிறது. வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே, இல்லாத ஒருத்திக்காக, நாங்கள் எல்லோரும் அருள்நிறை மந்திரம் சொன்னோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை சீரியல் எப்படி இருக்கும் என்று அந்தக் காலத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டாம். திங்கள்வரை தொண்டையில் முள்ளாக நிற்கிற மாதிரி ஒரு இடத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அன்று அந்தப் பெண்ணின் அம்மா பையை எடுத்து வாசலில் வைத்தாள். வெளியே கார், காருக்குள் புருஷன். அந்தப் பெண் பையைத் தூக்கினாள். ஒரு காலை வாசற்படிக்கு வெளியே எடுத்து வைக்கப் போனாள். மேளமும் வயலினும் ஒரேயடியாக ஏறின.

அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து முழங்காலுக்கு எழுந்துவிட்டார்கள். "போவாதடி! போவாத! போனா உன்னச் சாவடிச்சிடுவான்டி!"

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே நின்றது. சோப்பு விளம்பரம் வந்தது. ஒரு குழந்தை நுரையை ஊதியது.

பாப்பா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். கத்தவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்ப நா மட்டும் போவலாமாம்மா?"

மாமி எழுந்தார். ஸ்டூலைச் சத்தமில்லாமல் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு, என் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். அத்தை முழங்காலில் நின்றபடியே கையை நீட்டி டிவியை அணைத்தார்கள். அடுத்த வாரக் காட்சி பாக்கி இருக்கும்போது டிவியை அணைத்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. அடுத்த வீட்டு டிவியில் சோப்புப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கண்ணாடி மட்டும் கறுப்பானது. உள்ளே மறுபடியும் நாங்கள் தெரிந்தோம்.

மெழுகுவர்த்தியை அணைத்து வைத்திருந்தோம். அத்தை தீப்பெட்டியைத் தேடினார்கள். நான்தான் வாங்கிக் கொளுத்தினேன். "ஒரு பத்து மணி சொல்லுவோம்" என்றார்கள். எல்லோரும் முழங்காலில் நின்றோம். யாருக்காக என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. மெழுகு உருகிப் பலகையில் சொட்டுகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தோம். அப்புறம் சொன்னார்கள்.

"எம் பொண்ணுக்காக."

அவ்வளவுதான் சொன்னார்கள். கண்ணாடியில் பாப்பா தன் வலது காதை அம்மா பக்கம் திருப்பியதைப் பார்த்தேன். அன்று யாரும் வேகமாகச் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். பாப்பாவின் புருஷன் பேசி வைத்தபடி ஆட்டோவில் வந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அத்தை பூசைக்குக் கட்டிய சேலையோடு வாசலில் நின்றார்கள். பை வாசலில் இல்லை. காலையிலேயே பீரோவுக்கு மேலே போய்விட்டது.

"பொண்ணு வராது. காபி கீது, குடிச்சிட்டுப் போ."

"இன்னா அத்த, வெளையாடுறீங்களா? கோயில்ல வச்சிக் கட்டுன கல்யாணம். ஞாபகம் கீதா?"

"கீது. அதே கோயில்லதான் நானும் தெனம் நிக்கிறேன். வா, சாமியார்கிட்டயே போவலாம். அந்தக் காத நானே காட்டுறேன்."

காது என்ற வார்த்தை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதலில் சொல்லப்பட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றார். அவன் இருவரையும் பார்த்தான். ஆட்டோக்காரர், "இன்னா நைனா, ஏறுறியா, இல்ல நா கெளம்பட்டா?" என்று கேட்டார். அவன் ஏறிக்கொண்டான். காபியில் ஆடை கட்டிவிட்டது. அதைப் பாப்பாதான் எடுத்துக் குடித்தாள்.

திங்கட்கிழமை ஜெபமாலை முடிந்தது. யாரும் டிவிக்குக் கை நீட்டவில்லை. ஜன்னல் ஜன்னலாக அந்தப் பாட்டு வந்துகொண்டிருந்தது. ஸ்டூலிலிருந்த மாமி தயங்கி, "இன்னிக்கு வேண்டாமா?" என்றார். "வேணாம் மாமி. எதிர் வூட்ல பாத்துட்டு வந்து நீங்களே சொல்லுங்க" என்றார்கள் அத்தை.

மறுநாள் காலையில் மாமி வந்தார். அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டா" என்றார் மாமி.

அத்தை கையிலிருந்த பூண்டை உரித்து முடித்தார்கள். பிறகு உரித்த பூண்டை முறத்தில் போட்டபடி சொன்னார்கள்: "அவ அம்மா சரியில்ல மாமி."

அத்தை ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாமி மகனோடு அபிராமபுரத்தில் இருக்கிறார். பாப்பா கொட்டிவாக்கத்தில் வீடு எடுத்து, ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். எங்கள் வீட்டிலும் டிவி இப்போது தட்டையாக, வேறு சுவரில் தொங்குகிறது. அணைத்தாலும் அதில் முகங்கள் வளைவதில்லை. மாதாவுக்குக் கீழே வெறும் சுவர்தான்.

போன மாதம் பாப்பா வந்தபோது, "அண்ணி, அந்த சீரியல் மொத்தமும் போன்ல கீதாம். காப்பகத்துல ஒரு பொண்ணு காட்டுச்சி" என்றாள். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து தேடினோம். அந்த வெள்ளிக்கிழமை கிடைத்தது. பை, கார், வாசற்படி. எல்லாமே நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. பாப்பா போனை வலது காதோரம் பிடித்துக்கொண்டு கடைக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பெண் காலை எடுக்கிற இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"அய்யோ அண்ணி, இவ எவ்ளோ சின்னப் பொண்ணு!"

நானும் பார்த்தேன். ஆமாம். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியவில்லை. எங்களுக்கும் அதே வயதுதானே.

அன்று சாயங்காலம் ஜெபமாலைக்குப் பாப்பாவும் இருந்தாள். யாருக்காக என்று சொல்வது இப்போது என் வேலை. கடைசிப் பத்து மணிக்கு, "திரும்பிப் போன பொண்ணுங்களுக்காக" என்றேன். என் வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். எந்தப் பொண்ணுங்க என்று அவர் கேட்கவில்லை. பாப்பா முதல் அருள்நிறையை ஆரம்பித்தாள். நாங்கள் மெதுவாகவே சொன்னோம். ஏழரை மணி எப்போது தாண்டியது என்று தெரியவில்லை.