மூன்று சுற்று நடக்கும் மிஸ் வெர்லீன்

எட்டேகால் மணிக்கு மிஸ் வெர்லீன் டகில் குதிகால் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருக்கிறார். நாடாவுக்கு இரண்டு முடிச்சு. வெளியே பெஞ்சில் ஒரு சகோதரர் சங்கத்தின் தலைவன் உட்கார்ந்திருக்கிறான். ஆறடி மூன்றங்குலம், கழுத்தில் டை, மடியில் வக்கீல் மாதிரி ஒரு ஃபைல்.

"மிஸ் வெர்லீன், எங்க தரப்பை நான் எழுதியே கொண்டாந்திருக்கேன்."

"நல்லது ராசா. அதைப் பெஞ்சுலயே வச்சிட்டு வா. நடக்கும்போது இடைஞ்சலா இருக்கும்."

டவாரிஸ் லைகன் என்ற அந்தப் பையனின் முகம் தொங்கிப்போனது. எங்கள் பல்கலைக்கழகத்தில் 'நடக்கணும்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அலபாமாவில், கறுப்பருக்கென்று தொடங்கிய பழைய பல்கலைக்கழகம் இது. இங்கே மாணவர்களுக்கு நான்கு சகோதரர் சங்கங்கள், மாணவிகளுக்கு நான்கு சகோதரிச் சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், புல்வெளியில் சொந்தமாக ஒரு மரம், அந்த மரத்தைச் சுற்றி மற்றவன் மிதிக்கக் கூடாத ஒரு வட்டம். புதிதாய்ச் சேர வந்தவனை ஏவினார்கள், மிரட்டினார்கள், அடுத்த சங்கத்து மரத்துக்குச் சாயம் பூசினார்கள் என்று புகார் எது வந்தாலும் விசாரிப்பது மிஸ் வெர்லீன்தான். அவர் யாரையும் அறையில் உட்கார வைத்து விசாரிப்பதில்லை. மணிக்கூண்டு, சங்க மரங்கள், உணவுக்கூடம், திரும்ப அலுவலகம். ஒரு சுற்றுக்குப் பதினோரு நிமிடம். மொத்தம் மூன்று சுற்று.

"உக்கார வச்சா சாஞ்சுக்குவான், சாஞ்சா கதை விடுவான்" என்பார். "நடந்தா மூச்சு வாங்கும். மூச்சு வாங்குறவன் எத்தனை பொய்யைத்தான் தூக்கிக்கிட்டு நடப்பான்?"

டவாரிஸ் அன்று மூன்றாம் சுற்றில் டையை அவிழ்த்துப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு வந்தான். அடுத்த சங்கத்து மரத்துக்குச் சாயம் பூசியது அவன் கூட்டம்தானாம். திரும்பி வந்து அந்த ஃபைலைக் குப்பைத்தொட்டியில் அவனே போட்டான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைத் தடுப்புதான். மாணவர்களுக்குக் கூட்ட அறை, ஒத்திகை அறை ஒதுக்குவது என் வேலை. பத்தொன்பது வருடமாக அவர் வேர்க்கடலை உடைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தோலையெல்லாம் கோட்டுப் பைக்குள்ளேயே போட்டுக்கொள்வார். அவர் கை குலுக்கினால் நம் உள்ளங்கையில் நாலு தோலாவது ஒட்டும். தண்டனைக் கடிதத்தைக் கையால் எழுதி, ஒருமுறை ஸ்டேப்ளரைப் பார்த்து உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் தட்டச்சு செய்வார். "காதுல விழுந்தாத்தான் எங்க அநியாயம் இருக்குன்னு தெரியும்." ஆச்சரியக்குறி போட்டு யார் மின்னஞ்சல் அனுப்பினாலும் பதில் போட மாட்டார். எல்லோரும் அவருக்குக் கண்ணு, ராசா. முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும்.

அவர் எந்தச் சங்கத்தையும் சேர்ந்தவர் இல்லை. இங்கேயே படித்தவர்தான், கேட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. நேராகக் கேட்டால், "நான் பெத்தேல் சர்ச் பாட்டுக் குழு சங்கம். அங்கயும் என்னைப் பாடாதேன்னுதான் சொல்லியிருக்காங்க" என்று சிரிப்பார். அது உண்மை. தேவாலயத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் அனுபவித்திருக்கிறேன்.

போன அக்டோபரில், பழைய மாணவர் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பெயர் போடாத ஒரு புகார் வந்தது. கூடவே ஒன்பது நொடி வீடியோ. ஆரஞ்சுச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஏழு பெண்கள் உணவுக்கூடத்துக்குப் போகிறார்கள். குட்டையானவள் முன்னால், நெட்டையானவள் கடைசியில், நடுவில் உயரம் பிசகாமல் மற்றவர்கள். ஏழு இடது கால் ஒன்றாக எழுகிறது, ஒன்றாக விழுகிறது.

வெளியாட்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எங்களுக்குப் பார்த்ததுமே புரியும். புதியவர்களை உயர வரிசையில் நிறுத்தி நடத்திக் கூட்டிப்போவது இங்கே பழைய வழக்கம். அந்த வரிசைக்குப் பின்னால் அடியும் பட்டினியும் இருந்த காலமும் உண்டு. அதனால் விதிப்புத்தகத்தில் தடை செய்த காரியங்களில் அதுதான் முதல். ஆரஞ்சுச் சங்கம் இரண்டு வருடம் முன்பே அதற்காக ஒருமுறை மாட்டியிருந்தது. இன்னொரு முறை மாட்டினால் ஐந்து வருடம் வளாகத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஐந்து வருடத்தில் இப்போதிருக்கும் பெண்கள் எல்லோரும் படித்து முடித்துப் போய்விடுவார்கள், பிறகு அந்த மரத்தடிக்கு வர ஆளே இருக்காது.

மிஸ் வெர்லீன் வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தார். "நடை எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்றார் என்னிடம். "அதுதான் எனக்கு பயமா இருக்கு."

ஏழு பேரையும் தனித்தனியாக நடத்தினார். இருபத்தொரு சுற்று. கேன்வாஸ் ஷூவின் அடி தேய்ந்துபோனது. யாரும் எங்களை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை என்று ஏழு பேரும் சொன்னார்கள்.

"ஏழும் ஒரே பாட்டு" என்றார். "ஒண்ணு அது நிஜம், இல்ல நல்லா ஒத்திகை. நாளைக்கு ஏழு பேரையும் சேர்த்து நடத்தப் போறேன். சாட்சிக்கு நீயும் வா."

மறுநாள் காலை அவரே அவர்களைக் கலைத்து நிறுத்தினார். நெட்டைப் பெண் முதலில், அவள் பின்னால் குட்டையான ஜெரிக்கா பெட்வே, மற்றவர்கள் கண்டபடி. "யாரும் யாரையும் பாக்கக் கூடாது. வாயில வந்ததைப் பேசிக்கிட்டு நடங்க." அவர்கள் பின்னால் அவர், அவர் பின்னால் நான்.

ஒருத்தி கணிதப் பேராசிரியரைத் திட்டினாள், ஒருத்தி தன் அத்தையின் கல்யாணக் கதையைச் சொன்னாள். மணிக்கூண்டு தாண்டும்போது கால்கள் சேர்ந்துவிட்டன. கதை கேட்க ஒருத்தி முன்னால் போனாள், தோள் இடிக்கிறது என்று ஒருத்தி பின்னால் வந்தாள். உணவுக்கூடத்து முனை வருவதற்குள் குட்டை முன்னால், நெட்டை கடைசி. வீடியோவில் பார்த்த அதே வரிசை.

"நில்லுங்க" என்றார் மிஸ் வெர்லீன். "இப்ப திரும்பி உங்களையே பாருங்க."

பார்த்தார்கள். ஜெரிக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ ஆண்டவரே!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். திருவிழாவின் ஸ்டெப் ஆட்டப் போட்டிக்காக ஏழு வாரமாக அதே வரிசையில் நின்று, கையும் காலும் தாளம் போட்டுப் பழகியிருக்கிறார்கள். ஒத்திகை அறையை ஒதுக்கிக் கொடுத்ததே நான்தான். மேடைக்குப் பழக்கிய கால் சோறு தின்னப் போகும்போது மட்டும் சும்மா இருக்குமா?

"அவங்களை விடு" என்றார் மிஸ் வெர்லீன் என் பக்கம் திரும்பி. "உன் காலைப் பாத்தியா? மணிக்கூண்டுல இருந்து நீயும்தான் தாளத்துல வர்ற."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தப் பெண்கள் தப்பித்தார்கள் என்று மனசுக்குள் துள்ளினேன். அப்போதுதான் ஜெரிக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வெகு இயல்பாகச் சொன்னாள்:

"மிஸ் வெர்லீன், ஒரு ரெண்டு நிமிஷம் நிக்கிறீங்களா? கென்யெட்டாக்கு கோழி பன் வாங்கிட்டு வந்துடறேன். தினமும் இந்த நேரத்துக்குத்தான் வாங்குவேன்."

சிரிப்பு நின்றது. கென்யெட்டா பிராட்நாக்ஸ் ஆரஞ்சுச் சங்கத்தின் தலைவி. மூத்தவளுக்குப் புதியவள் எடுபிடி வேலை செய்வது, வரிசைக்கு அடுத்தபடியாகத் தடை செய்த காரியம். நெட்டைப் பெண் ஜெரிக்காவின் முழங்கையைக் கிள்ளினாள். கிள்ளி என்ன பிரயோசனம்?

"வாங்கிட்டு வா கண்ணு" என்றார் மிஸ் வெர்லீன் மெதுவாக. "நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

கென்யெட்டா நர்சிங் கடைசி வருடம். வளாகத்திலேயே அவளைப்போல ஸ்டெப் ஆடும் கால் வேறில்லை. விடியும் முன்பே ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போய்விட்டுப் பசியோடு வகுப்புக்கு ஓடி வருபவள். அன்று மத்தியானம் அவள் நடந்தாள்; சாட்சிக்கு மறுபடி நான்.

"நான் கேக்கலை மேடம். அவளாத்தான் ஒரு நாள் வாங்கிட்டு வந்தா."

"ரெண்டாவது நாள்?"

"அவளாத்தான்."

"வேண்டாம்னு சொன்னியா?"

சங்க மரங்களைத் தாண்டும்போது அவள் ஆரஞ்சு வட்டத்தின் பக்கம் பார்க்கவே இல்லை.

"சொல்லலை மேடம். மூணு வாரம். நல்லா இருந்துச்சு. ஒரு ஆளு நமக்காகக் காத்திருந்து குடுக்கிறது நல்லா இருந்துச்சு. என் பேர்ல எழுதுங்க. சங்கத்து மேல எழுதாதீங்க. அந்த ஏழு பேரும் ஒரு தப்பும் பண்ணலை."

"கென்யெட்டா மரீ பிராட்நாக்ஸ்." நான் ஓரடி பின்வாங்கினேன். "யார் பேர்ல எழுதணும்னு நீ எனக்குச் சொல்லாதே. உங்க சங்கத்துக்குன்னு ஒரு ஒழுங்குக் குழு இருக்குல்ல? அது தூங்குதா, முழிச்சிருக்கான்னு எனக்குத் தெரியணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் பேனாவைத் தொட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை அந்தக் குழுவின் மூன்று பெண்கள் கண் வீங்க வந்தார்கள். தங்கள் தலைவியை நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள். போட்டியில் அவளை ஆடவிட்டால் எங்களுக்கு ஒழுங்கு பேச அருகதை இல்லை என்று அவர்களே எழுதிக் கொண்டுவந்தார்கள். அவள் இல்லாமல் தோற்றுவிடுவோம் என்று தெரிந்தே எழுதியிருந்தார்கள். கடைசியில் கென்யெட்டாவின் கையெழுத்தும் இருந்தது.

மிஸ் வெர்லீன் அதை இரண்டு முறை படித்தார். மூக்கை உறிஞ்சினார். அன்று ஸ்டேப்ளர் கேட்ட கடிதம் சின்னது. சங்கம் வளாகத்தில் இருக்கலாம், ஆடலாம். கென்யெட்டா போட்டியன்று மேடை ஏறக் கூடாது, பார்வையாளர் இடத்தில் உட்கார வேண்டும். மூன்று வாரம் தினமும் காலையில் ஜெரிக்காவுக்கு அவள் காலைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"மேடம், எனக்கு கோழி பிடிக்காதே" என்றாள் ஜெரிக்கா பயந்துகொண்டே.

"அப்ப அவகிட்ட முட்டை கேளு. காரம் தூக்கலாக் கேளு. அவளை நல்லா நடக்க விடு."

திருவிழாச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு உள்ளரங்கில் நிற்கக்கூட இடமில்லை. பேரப்பிள்ளைகளோடு வந்த பழைய மாணவர்கள், வறுத்த மீன் வாசனை, எட்டு நிறச் சட்டைகள். மரப்படி வரிசையில் மிஸ் வெர்லீன் ஓரமாக, அவர் பக்கத்தில் கென்யெட்டா, அப்புறம் நான். ஆரஞ்சுச் சங்கம் வந்ததும் கூரை அதிர்ந்தது. ஏழு புதியவர்களும் மூத்தவர்களும் சேர்ந்து இறக்கிய அடியில் என் பல்லெல்லாம் ஆடியது. கென்யெட்டா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே தாங்கவில்லை.

ஆட்டத்தின் நடுவே எல்லோரும் சட்டென்று சிலையாய் நின்றார்கள். முன்னால் நடுவிடம் காலி. அங்கே கென்யெட்டா தனியாக எட்டு அடி போட வேண்டிய நேரம் அது. வேறு ஆளைப் போட்டு நிரப்பாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேடையில் ஜெரிக்கா மட்டும் எங்கள் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கென்யெட்டாவின் வலது குதிகால் ஒருமுறை பலகையைத் தட்டியது. அவளுக்கே தெரியாமல் தட்டியிருக்க வேண்டும், சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். ஆனால் அந்த ஒரு தட்டு எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவளும், முன்வரிசையும், மேடையில் நின்ற பெண்களும் மிஸ் வெர்லீன் பக்கம் திரும்பினார்கள்.

மிஸ் வெர்லீன் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, கென்யெட்டாவின் காலடியில் கிடந்த தன் பெரிய கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தன் கால்கள் இரண்டையும் ஓரமாக ஒதுக்கி, அவள் காலுக்கு இடம் விட்டார்.