உமைராவின் போன் அடிக்கவில்லை

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் என்ஜினீயரிங் கல்லூரி. அதன் எதிரே ஈஸ்வரியின் டிபன் கடை. பரீட்சை நாட்களில் பிள்ளைகளின் செல்போன்கள் எல்லாம் அவளுடைய அன்னக்கூடையில்தான் கிடக்கும். கொடுத்துவிட்டு ஒவ்வொன்றும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிற அழகைப் பார்த்தால், கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாய் தோற்றாள். ஈஸ்வரிக்குச் சிரிப்பாக வரும்.

உமைராவைப் பார்த்து மட்டும் சிரிக்க முடியவில்லை. பழவேற்காட்டுப் பெண். போன பரீட்சையில் போனைப் பிரிந்திருக்க முடியாமல் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். வந்து பார்த்தால் அதில் ஒன்றுமில்லை.

"இன்னாடி, லவ்வரா?" என்று ஈஸ்வரி கேலி செய்ததும் பொலபொலவென்று அழுதாள். அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்த லாத்தா, மூத்தவள் சிஃபா, துபாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிறாள். காலிங் கார்டு போட்டுத்தான் பேசுவாள். ஒவ்வொரு தடவையும் ஏதேதோ புது நம்பர் விழும். ரம்ஜானுக்குப் பேசியதோடு சரி, அப்புறம் பேச்சே இல்லை.

இன்றும் மணி அடித்த பிறகுகூட போனைக் கொடுக்க மனசில்லாமல் நின்றாள். இந்தப் பேப்பரும் போனால் கடைசி வருஷத்துக்குப் போக முடியாது.

"நீ போ கண்ணு. அடிச்சா நானே எடுக்கறேன். உன் தங்கச்சி பரீட்ச எழுதிக்கினு கீது, வெய்ட் பண்ணுன்னு சொல்றேன்."

"சைலண்ட்ல போட்றாதக்கா."

"போடத் தெரிஞ்சாத்தானே. போ."

ஈஸ்வரி அந்தப் போனைக் கூடையில் போடாமல் கல்லாமேல் வைத்துக்கொண்டாள். தோசையைத் திருப்பும்போதும் கண் அதன்மேல்தான். கூடைக்குள் மற்ற போன்கள் மாறி மாறி அலறின. இது மட்டும் வாயைத் திறக்கவில்லை. பரீட்சை முடிகிற நேரம் நெருங்கியது. இன்றைக்கும் அந்த முகம் தொங்கிப்போகுமே என்று நினைத்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. கடை வாசலிலிருந்த ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டு, செல்லின் முதுகில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து அடித்தாள். நாலு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டாள்.

முழு நேரமும் எழுதிவிட்டு உமைரா ஓடி வந்தாள்.

"அக்கா, மிஸ்டு கால் வந்துருக்குது. புது நம்பரு. லாத்தாதான்."

ஆறுதலுக்கென்று செய்தது இப்படி ஆகுமென்று ஈஸ்வரி நினைக்கவேயில்லை. அவள் வாயெடுப்பதற்குள் உமைரா திருப்பி அடித்துவிட்டாள். வாசலில் ஒரு ரூபாய் போன் மணியடித்தது.

காதில் செல்லோடு உமைரா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு ஈஸ்வரியைப் பார்த்தாள். ஈஸ்வரி தோசைத் திருப்பியும் கையுமாகப் போய் ரிசீவரை எடுத்தாள்.

"நான்தான் கண்ணு," என்றாள். "எக்ஸாம் எப்டி எழுதின?"

நாலடி தள்ளி நின்றவள் போனை வைக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய, "நல்லா எழுதினேன்க்கா," என்று தொடங்கி, முதல் கேள்வியிலிருந்து எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிக்கொண்டு போனாள்.