மஞ்சள் சேலையில் ஓடியவள்

ஃபிஜியில் ஆட்சியைக் கவிழ்த்த வாரம், பிரிஸ்பேனில் குடியேறியிருந்த எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "ரக்கிரக்கி கோயிலை எரிக்கிறார்கள்! உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்!" எங்கள் ஊர்க் கோயில் அது. கூடவே ஒரு படம்: நெருப்பு, புகை, முதுகு காட்டி ஓடும் மஞ்சள் சேலைக்காரி. அவளுக்காக அழுதேன். விசாரிக்காமலே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

அப்புறம்தான் ரக்கிரக்கியில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அரே அக்கா, கோயில் நல்லாத்தான் இருக்கு. அது போன வருசத்துத் தீமிதி! குழியில ஓடுறது நீதான். திருவிழாவுக்கு வந்தப்ப நீ வாங்கிக் கட்டின என் சேலைகூடவா அடையாளம் தெரியல?"

வெட்கமும் சந்தோஷமுமாக எல்லோருக்கும் மறுபடி எழுதினேன்: "கோயில் பத்திரம். படத்தில் ஓடுகிறவள் நான்தான். பொய்யை அனுப்பியவளும் நான்தான்."

இப்போதெல்லாம் 'உடனே அனுப்புங்கள்' என்று எது வந்தாலும் முதலில் ஊருக்குப் போன் போடுவேன். அழுவதெல்லாம் அப்புறம்தான்.