சிரில் சொல்லும் நிமிடம்

ஜூடித்துக்கு ஆபரேஷன் நடந்த அன்று, அவள் கணவர் பெர்னார்டின் எலெக்ட்ரானிக் சிட்டி டிரிப்பை சிரில் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். "எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்குப்பா" என்றார். அப்படி ஒரு வேலையே இல்லை என்பது பெர்னார்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. நன்றி வரவேண்டிய இடத்தில் எரிச்சல் வந்தது. இதிலும் இவரேதான் நல்லவரா?

இருவருக்கும் லிங்கராஜபுரம். ஒரே மாதா கோயில், ஒரே கம்பெனியில் கேப் ஓட்டும் வேலை. எந்த ரோட்டில் எத்தனை நிமிடமாகும் என்று சிரில் சொன்னால் சொன்னதுதான். மழை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கல்யாண மண்டபம் எல்லாம் அவர் கணக்கில் இருக்கும். பெர்னார்ட் போனில் மேப்பைப் பார்த்து நாற்பது நிமிடம் என்பார். "அது கிடக்கட்டும் குரு, சிரில் அண்ணன் என்ன சொன்னாரு?" என்பான் கூட ஓட்டுகிற கன்னடக்காரன் வெங்கி. வீட்டில் ஜூடித்தும், "எப்ப கிளம்பணும்னு அண்ணன ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்பாள். பெர்னார்டுக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் சூப்பர்வைசர் வேலை ஒன்று வந்தது. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று நேரம் குறிக்கும் வேலை. முதுகுவலியோடு ஓட்டிக்கொண்டிருந்த பெர்னார்டுக்கு, ஸ்டியரிங்கை விட்டு இறங்க அது ஒன்றுதான் வழி. யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க, கம்பெனியில் சிரிலையும் பெர்னார்டையும் ஆளுக்கு ஐந்து வண்டிகளுக்கு ஒரு வாரம் நேரம் போட்டுக் காட்டச் சொன்னார்கள்.

அதே வாரம் கோயில் திருவிழா. பின்தெருவில் சாக்கடைக்குத் தோண்டியிருந்ததால், தேர் இந்த முறை மெயின் ரோட்டில் போகும் என்று கோயில் பங்குமக்கள் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. கூட்டத்தன்று டியூட்டியில் இருந்த சிரிலுக்கு அது தெரியாது. கோயில் வாசலில் பெர்னார்டைப் பிடித்துக் கேட்டார்.

"தேர் எந்த வழிப்பா?"

"பழைய வழிதாண்ணா."

சொல்லிவிட்டு பெர்னார்ட் மாதா சுரூபத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிரிலின் வண்டிகள் தேருக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றன. பெர்னார்ட் தன் வண்டிகளை முன்னதாகவே கிளப்பியிருந்தார். வேலை அவருக்குக் கிடைத்தது. சிரில் யாரையும் குறை சொல்லவில்லை. பெர்னார்ட் இரண்டு முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் மற்ற பாவங்களைச் சொல்லி, இதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் பொறாமை போகவில்லை. வெங்கி இன்னும் சிரிலிடம்தான் நேரம் கேட்டான்.

மே மாதக் கடைசியில் சிரில் வேலையை விட்டு, ஓசூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கக் கிளம்பினார். பெர்னார்ட் பஸ் ஸ்டாப் வரை கூடப் போனார்.

"அண்ணா, அன்னைக்கு அந்தத் தேர் விஷயம்..."

"தெரியும்பா, விடு" என்றார் சிரில். பஸ்ஸில் ஏறித் திரும்பிப் பார்த்தார். "திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது. ஹெண்ணூர் வண்டிங்களுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் சேத்துப் போடு. இன்னைக்கு ரோடு காலியா இருக்கேன்னு மேப்பப் பாத்துப் போட்டா மாட்டிக்குவ."