பௌர்ணமியை ஒட்டி ஒரு மாநாடு

திருவண்ணாமலையில் எதை நடத்துவதென்றாலும் முதலில் காலண்டரைப் புரட்டி, பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்து, அதிலிருந்து நாலு நாள் தள்ளித்தான் தேதி வைப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கம். பௌர்ணமியன்றைக்கு பஸ் ஊருக்குள் வராது, லாட்ஜில் அறை கிடைக்காது, பால் பாக்கெட் வாங்கக்கூட ஜனத்தை விலக்கிக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் தெரிந்திருந்தும் நாங்கள் இரண்டு பேர் பௌர்ணமியாகத் தேடிப் பிடித்து, அதற்கு முதல் நாள் ஓப்பன் சோர்ஸ் மாநாடு வைத்தோம். வெளியூர்க்காரன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

இரண்டு பேர் என்றால் நானும், இங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் என் நண்பனும். நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ப்ரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம், ஹால் டிக்கெட் பிரிண்ட், இதுதான் பிழைப்பு. இதற்கு நடுவில் பல வருஷமாக ஒரு பைத்தியக்கார வேலையும் செய்து வந்தேன். போனில் இருக்கும் தமிழை வாய்விட்டுப் படித்துக்காட்டும் ஒரு மென்பொருள். பார்வையில்லாதவர்களுக்கானது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்த்துத் திருத்தலாம், ஓப்பன் சோர்ஸ் என்பது அதுதான்.

பெரிய கம்பெனிக் குரல்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் பார்வையில்லாதவர்கள் நம்மைப் போல நிதானமாகக் கேட்பதில்லை, நம் காதுக்கு வெறும் இரைச்சலாகப் படும் வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். அந்த வேகத்தில் இனிமையான குரல் குழைந்துபோகும். என்னுடையது ஜலதோஷம் பிடித்த ஆள் பேசுவதைப் போல இருக்கும், ஆனால் எவ்வளவு விரட்டினாலும் எழுத்து எழுத்தாக நிற்கும். அதனால்தான் கொஞ்சம் பேர் அதை விடாமல் வைத்திருந்தார்கள்.

அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. போன்களுக்கு வரப்போகும் அடுத்த பதிப்பில் என் மென்பொருள் ஓடாது. ஒட்டுப் போட்டுச் சரிக்கட்ட முடியாது, அடியிலிருந்து புதிதாக எழுத வேண்டும். நான் உட்கார்ந்து பார்த்தேன். புத்தகம் வாங்கிப் படித்தேன், வீடியோ போட்டுப் பார்த்தேன். மண்டையில் ஏறவில்லை. ஐம்பதைத் தாண்டியவன், பள்ளிக்கூடத்தில் கணக்கில் பார்டர் பாஸ். இவ்வளவு தூரம் இழுத்து வந்ததே அண்ணாமலையார் புண்ணியம். இனி வேறு யாராவது எடுத்துக்கொண்டால்தான் அது பிழைக்கும்.

அந்த வேறு யாரோ ஒருவன் இருந்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பையன், வேலூர்ப் பக்கத்துக்காரன். நேரில் பார்த்ததில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் தானாக வந்து என் மென்பொருளில் பிழைகளைத் திருத்தி அனுப்ப ஆரம்பித்தான். நான் ஒரு வாரம் மல்லுக்கட்டுவதை அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடுவான். சின்ன வயதில் எனக்கு எந்தப் பரிசுச்சீட்டும் விழுந்ததில்லை, இது விழுந்தது என்று நினைத்தேன். நேரில் உட்கார்ந்து, "தம்பி, இனிமே இது உன்னோடது" என்று சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். மாநாடு எனக்கு அதற்கு ஒரு சாக்கு.

தேதி நண்பனின் யோசனை. "வெறும் கம்ப்யூட்டர்னு சொன்னா எவனும் இவ்ளோ தூரம் வரமாட்டான். சனிக்கிழமை மாநாடு, ஞாயித்துக்கிழமை பௌர்ணமி கிரிவலம்னு சேர்த்துப் போடு. குடும்பத்தோட வருவாங்க பாரு" என்றான். எனக்கும் அது பெரிய மூளையாகத்தான் தெரிந்தது. ரமணாசிரமம் தாண்டி செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தோம். அழைப்பில் மலைப் படமும் போட்டோம். பதிவு செய்தவர்களில் பாதிப்பேர், கிரிவலத்துக்குத் தங்க இடம் கிடைக்குமா என்றுதான் கேட்டிருந்தார்கள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

மாநாட்டு வாரத்தில் கோவிலிலிருந்து கிரிவல நேரம் அறிவித்தார்கள். ஞாயிறு காலண்டரில் பௌர்ணமி போட்டிருந்தது வாஸ்தவம்தான். ஆனால் திதி சனிக்கிழமை மதியமே பிறக்கிறது. நண்பன் பேப்பரோடு கடைக்கு ஓடி வந்தான். "மண்டபத்துக்காரரும் அன்னிக்கே அன்னதானம் போடப்போறாராம். பின்பக்கம்தான், நமக்குத் தொந்தரவு இருக்காதுன்றாரு" என்றான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கு, திதி எப்போது பிறக்கிறது என்று ஒரு ஐயரைக் கேட்கத் தோன்றவில்லை. அழைப்பெல்லாம் போயாகிவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

சனிக்கிழமை காலை நன்றாகவே இருந்தது. மண்டபம் முக்கால்வாசி நிரம்பியது. வாசலில் ஸ்டிக்கர் கொடுத்தோம், எல்லோரும் லேப்டாப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டார்கள். நண்பனின் மாணவர்கள் வந்த கையோடு, "சார், சர்டிபிகேட் மத்தியானமே குடுத்துடுவீங்களா?" என்று கேட்டார்கள். பெங்களூர்ப் பையனும் வந்திருந்தான். ஒல்லியாக, கூச்சமாக, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி வீட்ல அடிக்கடி சொல்லுவான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பேச்சு சாப்பாட்டுக்கு அப்புறம், கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றேன். "இருப்பேன் சார்" என்றான்.

செங்கம் பக்கத்து அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவரும் வந்திருந்தார். பார்வையில்லாதவர். மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை என் மென்பொருள் படிக்கக் கேட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போவார். அதில் ஏதாவது கோளாறு என்றால் முதல் போன் அவரிடமிருந்துதான் வரும், முக்கால்வாசி நேரம் திட்டுவதற்கு. ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார்? இட்லியாவது நல்லா இருக்குது" என்றார்.

மத்தியானம் எலுமிச்சை சாதம் முடிந்ததும் கூட்டம் கரைய ஆரம்பித்தது. திதி பிறந்துவிட்டது. சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு, பையை லாட்ஜில் போட்டுவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் மலை சுற்றப் போய்விட்டார்கள். மாணவர்கள் சர்டிபிகேட்டோடு போனார்கள். பையனைத் தேடினேன். அவனும் இல்லை.

நான் மேடை ஏறியபோது முன் வரிசையில் ஆசிரியர், பக்கத்தில் என் நண்பன், அங்கங்கே சிலர். சரி, வந்தவரைக்கும் லாபம் என்று ஆரம்பித்தேன். பேசப்பேசப் பின் கதவு வழியாக ஜனம் வர ஆரம்பித்தது. பத்து, இருபது என்று உள்ளே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எனக்குக் குரல் உயர்ந்தது. இதை யாராவது கையில் எடுக்க வேண்டும், பெரிய படிப்பு தேவையில்லை, மனசு இருந்தால் போதும் என்று உருகினேன். மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மா கையைத் தூக்கினார். மைக்கை அவர் பக்கம் நீட்டி, "சொல்லுங்கம்மா" என்றேன்.

"சாம்பார் சாதம் எப்போ போடுவீங்க?" என்றார்.

அன்னதானத்துக்கு நின்றவர்கள், ஃபேன் காற்றைப் பார்த்து உள்ளே வந்து காலை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். நான் மீதியை இரண்டு நிமிஷத்தில் முடித்தேன். பாவம், அவர்கள்தான் நன்றாகக் கைதட்டினார்கள்.

ஆசிரியரை பஸ் ஏற்ற வேண்டும். செங்கம் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்தத்தில்தான். ஆட்டோ போகாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நடக்க, செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாகப் போனோம். பாதி வழியில் ஒரு மோர்ப் பந்தலில் பையன் நின்றிருந்தான். வெறுங்காலோடு, ஷூவைப் பையில் கட்டித் தொங்கவிட்டு. அப்பா அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"சாரி சார். திதி ஆரம்பிச்சுடுச்சு, உடனே கெளம்பணும்னு அம்மா ஒரே பிடியா நின்னுட்டாங்க."

அதனால் என்ன என்றேன். மேடையும் பேச்சும் எதற்கு, இங்கேயே சொல்லிவிடுவோம் என்று, மோர் தம்ளரோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புதிய பதிப்பு வரப்போகிறது, எனக்கு முடியவில்லை, நீ எடுத்துக்கொள். அவன் தரையைப் பார்த்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நான் இதுல வேலை செஞ்சதே, இன்டர்வியூல காட்டறதுக்குத்தான். இது மாதிரி ஏதாவது செஞ்சிருந்தா நல்லதுன்னு சொன்னாங்க. போன மாசம் வேலை மாறிட்டேன். புது எடத்துல வெளி வேலை எதுவும் தொடக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. இதைச் சொல்லணும்னுதான் இன்னிக்கி வந்தேன்."

கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நன்றாக இரு தம்பி என்றேன், மனதாரத்தான் சொன்னேன். பொய் சொல்லி இழுத்தடிக்காமல் நேரில் வந்து சொன்னான், அவ்வளவு யார் செய்கிறார்கள். அவன் அம்மா அங்கிருந்தே கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ஆசிரியர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறார். கிரிவலக் கூட்டம் வலது பக்கம் திரும்பிப் போகும் இடத்தைத் தாண்டினோம். அதற்கப்புறம் ரோடு காலியாக இருந்தது.

"அப்போ வேற ஆள் யாரும் இல்ல" என்றார்.

"இல்ல சார்."

"புதுப் பதிப்பைப் போன்ல ஏத்தாம விட்டா?"

"அது ஓடும். பழைய போன்ல எப்பவும் ஓடும்."

"என் போன் எவ்ளோ நாள் வரும்?"

"பத்திரமா வெச்சிக்கிட்டா ரெண்டு மூணு வருஷம் வரலாம். பேட்டரி போயிடும்."

"பழைய போனா இன்னும் ஒண்ணு ரெண்டு வாங்கி வெச்சிக்கிட்டா?"

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷ வேலைக்கு அப்புறம் நான் அவருக்குச் சொல்ல முடிந்த ஒரே உருப்படியான யோசனை, அதையும் அவரேதான் கண்டுபிடித்தார். "வாங்கி வெச்சிக்கங்க சார்" என்றேன்.

பஸ் நின்றிருந்தது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் நிற்கும் பக்கமாகத் திரும்பினார். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை, மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு போன் வெச்சிக்கிட்டாக்கூட பத்தாது போலிருக்கே சார்" என்றார். "நான் ரிடையர் ஆக இன்னும் இருபது வருஷம் இருக்குது."