எழுபத்திரண்டுதான் காட்டுது!

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆவணி மாசம். எங்கள் ஊர் தேவாரத்திலிருந்து ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்துச் சூப்பர்வைசரை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டி நாடித்துடிப்பு பார்க்கிற சின்ன மிஷின் ஒன்று அவரிடம் இருந்தது. தன் காலில் கல் விழுந்தபோது அதை மாட்டிப் பார்த்திருக்கிறார். துடிப்பு நூற்றைத் தாண்டியதாம். அவ்வளவுதான், பெரிய டாக்டராகிவிட்டார். யார் வலிக்கிறது என்று வந்தாலும் மிஷினை மாட்ட வேண்டும். தொண்ணூறுக்கு மேலே காட்டினால் ஷெட்டில் போய் உட்காரலாம். கீழே என்றால் நடிப்பு, திரும்பக் காட்டுக்குள் போ. கூட்டத்தில் பத்தாவது படித்தவள் நான்தான் என்று மிஷினை என் கையில் கொடுத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு மழை ஈரம். என் பக்கத்து வீட்டு அக்கா சரிவில் வழுக்கி, ஒரு மரத்தூரில் இடது விலா இடிக்க விழுந்தார். கத்தவில்லை, அழவில்லை. அவர் சுபாவமே அப்படி. மெதுவாக நடந்து வந்து, "விலாவுக்குள்ள குத்துதுத்தா, மூச்சு விட முடியல" என்றார். மிஷினை மாட்டினேன்.

"எழுபத்திரண்டுதான்க்கா காட்டுது, பயப்படாதீக." சொன்னது நானேதான். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எனக்கே இதவிட வேகமா அடிக்கும். போம்மா, போய்க் காய எடு."

அதே காலையில், அட்டை கடித்ததற்கே அலறிய ஒரு பெண்ணுக்கு நூற்றுப்பத்து. அவள் ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அக்கா குனிந்து குனிந்து இரண்டு மணி நேரம் காய் எடுத்துவிட்டு, செடிக்குள்ளேயே மயங்கிச் சரிந்தார்.

ஜீப்பைக் கேட்டால், "சாயங்காலம் எல்லாரோடயும் போகட்டும்" என்றார் அந்த ஆள். அதுவரை நான் பேசாத பேச்செல்லாம் பேசி, சாவியைப் பிடுங்காத குறையாக வண்டியைக் கிளப்ப வைத்தேன். கம்பம் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விலா எலும்பு இரண்டு முறிந்து, மண்ணீரல் கிழிந்து, உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உடனே ஆபரேஷன்.

டாக்டரிடம் மிஷின் கதையைச் சொன்னேன். அக்கா போடுகிற பிரஷர் மாத்திரையை வாங்கிப் பார்த்தார். சாதாரணமாக வலி வந்தால் நம்மைக் கேட்காமலே இதயம் வேகமாக அடிக்குமாம். இந்த மாத்திரை அதை ஓட விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். உயிர் போகிற வலியிலும் மெதுவாகவே அடிக்கலாமாம். "மாத்திரையே போடாட்டியும், துடிப்ப வச்சு வலிய அளக்க முடியாதும்மா. எந்த மடையன் சொன்னான்?" என்று கத்தினார்.

அக்கா பிழைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் பார்க்க வந்து, "மிஷின் அப்படிக் காட்டுச்சு, நான் என்ன செய்ய?" என்றார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். அக்கா படுக்கையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டார்: "அவுக மிஷினத்தான் பாத்தாக. நீ ஏன்த்தா என் மூஞ்சியப் பாக்கல?"

அந்த ஆள் மேல் உள்ள கோபமாவது என்றைக்காவது ஆறிப்போகும். பக்கத்து வீட்டு மனுஷி வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியும் நம்பாமல், அவர் விரலில் தெரிந்த எண்ணை நம்பினேனே, என் மேல் எனக்குள்ள அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.