சடங்குக்கு மட்டும் மாமன்

தோட்டத் தலைவரே, என் வீட்டைக் கலைத்தது நீங்கள்தான். கோயில் கமிட்டி என்றும் ஊர்வாய் என்றும் சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

நான் கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டுகிறவன். மனைவி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அங்கேயே வேறொருவரோடு இருந்துவிட்டாள். மகள் என்னிடம். இது உங்களுக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓடாது. விடியுமுன் கிளம்ப வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவையோ, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் நேரத்துக்குத்தான் திறப்பார்கள். நான் போன பிறகு அது திறக்கும்வரை என் பிள்ளை எங்கே இருப்பாள்? தோட்டத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

அப்போதுதான் குருவிட்டப் பக்கமிருந்து அவர் வந்தார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இரவு வேலை. மனைவி காமாலையில் இறந்துபோக, மகனோடு எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவுக்குக் குடிவந்தார். இரவில் இரண்டு பிள்ளைகளும் என்னோடு படுத்தார்கள். நான் கத்தியை எடுக்கும் நேரத்துக்கு அவர் ஸ்டோரிலிருந்து வந்துவிடுவார். மகளுக்குத் தலை சீவி, பால்தேத்தண்ணி கொடுத்து, கையைப் பிடித்துப் பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிப்போவார். முதலில் இவ்வளவுதான். பிறகு நாங்கள் ஒருவரையொருவர் விரும்பினோம். இதை அழகாகச் சொல்ல எனக்கு வராது.

அந்தக் கதையைப் போனில் கண்டுபிடித்தவர் அவர். மங்கா என்கிற ஜப்பான் படக்கதை. யாரோ சிங்களத்தில் மாற்றி முகநூலில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். தமிழில் போட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை போலிருக்கிறது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் இரண்டு அப்பாக்கள் பாலர் பள்ளி வாசலில் பழகி, காதலித்து, ஒரே வீட்டுக்குக் குடிபோகிறார்கள். பொரித்த முட்டையை முயல் மாதிரி வெட்டிப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். டீச்சர் குனிந்து வணக்கம் சொல்கிறாள். எனக்கு எரிச்சலாக வரும். இவர்களுக்கு வேலைவெட்டி கிடையாதா, வீட்டுக்கு யார் தண்ணீர் தூக்குவது என்று கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் தள்ளுவார். நானும் பார்ப்பேன். பிள்ளைகள் வரும் பக்கங்களை எங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுவோம்.

மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். கேகாலையில் இருக்கும் என் மச்சான், அக்கா செய்த வேலைக்கு அங்கே முகம் காட்ட முடியாது என்று வரவில்லை. காதுகுத்துக்கு வந்த கூட்டத்தில் இந்த அடுத்த காம்பராக்காரரைக் கைகாட்டியது நீங்கள்தான். "நீயே மாமனா உக்காருப்பா, யாரு கேக்கப் போறா" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பந்தியில் முதல் இலையில் நீங்கள் சாப்பிட்டீர்கள். அன்றிலிருந்து லயமே அவரை என் மச்சான் என்றது.

பிறகொரு நாள் மகள் பிள்ளைக் காம்பரா ஆயம்மாவிடம், எங்கள் கதை போனில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். ஆயம்மா ஆசையாகக் கேட்க, அவர் பிள்ளைகள் இருக்கும் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். ஆயம்மா தள்ளிக்கொண்டே போக, முத்தம் கொடுக்கும் பக்கம் வந்தது. நிறுத்தவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் ஓடினாள்.

கோயிலில் ஊரைக் கூட்டினீர்கள். போன் கைக்குக் கை மாறியது. இதில் யாருடா பொண்டாட்டி என்று ஒருவர் கேட்டார். "அரிசி களையிறது நாந்தான். இப்ப அதுக்கு என்னங்க?" என்றேன்.

நீங்கள் குரலை உயர்த்தவேயில்லை. "புள்ளைங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அவரு இங்கேருந்து போயிரட்டும்."

"நீங்கதானுங்களே தலைவரே மாமன்னு உக்கார வச்சீங்க?"

"அது சடங்குக்கு."

"எனக்கு அது சடங்கு இல்லங்க. அவரு இல்லாம எங்களால முடியாது."

அவர் நிரந்தரத் தொழிலாளி இல்லை. அவரிடமிருந்து காம்பராவைத் திரும்ப வாங்க ஆபிசில் உங்கள் ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னீர்கள். எம்பிலிப்பிட்டியவில் அரிசி மில்லொன்றில் வேலை தேடிக்கொண்டு மகனோடு போய்விட்டார். பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பியபோது என் மகளும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். தானும் போவதாக நினைத்துவிட்டாள்.

லயத்துப் பெண்களிடம் காலையில் அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்க்கச் சொன்னேன். நமக்கேன் வம்பு என்றார்கள். இப்போது அவளை உள்ளே தூங்கவைத்து, வெளியே பூட்டிவிட்டுப் பால் வெட்டப் போகிறேன். விழித்து அவள் அழுவது லயம் முழுக்கக் கேட்கிறதாம். உங்கள் காம்பராவுக்கும் கேட்கும். மலையில் நிற்கும் எனக்குத்தான் கேட்பதில்லை. சில நாள் பாதி மரத்தை விட்டுவிட்டு ஓடிவந்து கதவைத் திறக்கிறேன். அந்த மாதிரி நாட்களில் அரைப் பேர்தான் விழுகிறது, பாதிச் சம்பளம். அந்தப் படக்கதை இன்னும் வருகிறதாம். நான் பார்ப்பதில்லை. அதில் எந்தப் பக்கத்திலும் ஒரு தலைவர் இல்லை.

அடுத்த திருவிழாவிலும் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். உபயகாரர்களின் பெயர்களை வாசித்து முடித்ததும், அதை அணைக்காமல் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் அழுகிற என் பிள்ளைக்கு நீங்கள் செய்த நல்லது எது? நான் முன்னால்தான் நிற்பேன். அவளையும் தூக்கிக்கொண்டு வருவேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.